லாலான் புல்லுக்கு நிழல் ஆகாது



களையெடுப்பு தோட்ட மக்களுக்குப் புதிய வேலையன்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பு மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் பலவற்றில், மரங்களுக்கிடையே ஒரு புல்கூட நிற்கக் கூடாது என்பது விதியாக இருந்தது. நம் முன்னோர் மண்வெட்டியால் தரையைச் சுரண்டித் துடைத்து வைத்தார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால், இந்த நாட்டு மழை சும்மா விடுமா? மறைப்பில்லாத சரிவுகளிலிருந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு போய் ஆற்றில் சேர்த்தது. வெறுந்தரை என்பது சுத்தமல்ல, நட்டம் என்று துரைமார்களுக்கு அப்புறந்தான் விளங்கியது.

வெயிலும் இடமும் சும்மா கிடந்தால் களை வரும். லாலானைப் பாருங்கள். மண்ணுக்கடியில் வெள்ளையாக, கணுக்கணுவாக, ஊசி போன்ற நுனியோடு ஓடுகிறதே, அது வேரல்ல, தண்டு. வெட்டிப் போட்டாலும் மண்ணில் தங்கிய துண்டிலிருந்து மறுபடி தழைக்கும். தீ வைத்தாலோ மற்றச் செடிகள் மாண்டு, லாலான் முன்னிலும் செழிப்பாகக் கிளம்பும். இத்தனை பிடிவாதமான புல்லுக்கு ஒரே பலவீனம், நிழல் ஆகாது.

அந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டதுதான் மூடுபயிர் முறை. மறுநடவு செய்த நிலத்தில் நிரைகளுக்கு நடுவே பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா ஆகிய கொடிகளைக் கலந்து விதைப்பார்கள். 1990களிலிருந்து மியூக்குனா கொடியும் பரவியிருக்கிறது. இந்தியாவைச் சேர்ந்த இக்கொடி, கேரள ரப்பர் தோட்டங்களிலிருந்து இங்கு வந்தது. இவை எல்லாம் அவரை இனம். சில மாதங்களில் தரையைப் போர்வைபோல் மூடிவிடும். அடியில் வெளிச்சம் இல்லாததால் களைவிதைகள் முளைக்கத் தயங்கும். பிள்ளைகளே, ஒரு கொடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சிறு முடிச்சுகள் இருக்கும். ஒன்றைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா? அப்படியானால் அதற்குள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

எல்லாக் கொடியும் நல்ல கொடியல்ல. மிக்கானியா கொடியும் தரையை மூடும். ஆனால் அது இளமரத்தின் மேலேறி அமுக்கும், வளர்ச்சியையும் கெடுக்கும். நல்ல கொடிகூடக் கன்றைச் சுற்றத்தான் பார்க்கும். ஆகவே செம்பனைக் கன்றின் வட்டத்தை மட்டும் கையால் சுத்தம் செய்து வர வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

இவ்வளவு எதற்கு, மருந்தடித்தால் முடிந்துவிடாதா என்பீர்கள். அந்தத் தோம்பைத் தோளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்கள். அவர்கள் நெடுங்காலம் தெளித்த பாராகுவாட் உடலுக்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மலேசியாவில் அது 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டது. பழைய புட்டி எங்கேனும் கிடந்தால் தொடாதீர்கள், தண்ணீர் பிடிக்கவும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புல்லும் பழகிக்கொள்ளும். விரல்கள் விரித்ததுபோல் கதிர்விடும் சம்பாவ் புல், நம் கேழ்வரகுக்கு உறவு. 1990களின் இறுதியிலேயே கிளைபோசேட்டுக்கு மடியாத சம்பாவ் மலேசியாவில் கண்டறியப்பட்டது. மருந்துக்குத் தப்பிய ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை கொட்டினால், அடுத்த தலைமுறையும் தப்பத்தானே செய்யும்?

செம்பனை வளர்ந்து தலை மூடியதும் நிழலில் மூடுபயிர் தானே மெலியும். அப்போது வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கிடையே பரப்புவது அதே வேலையைச் செய்யும். அங்கே முளைக்கும் மென்மையான பெரணிச் செடியை நாம் விட்டுவைக்கலாம், ஈரம் காக்கும். சாலையோரத்தில் பூக்கும் துர்னேராவையும் வெட்டாதீர்கள். இலை தின்னும் பைப்புழுவை அழிக்கும் சிறு குளவிகளுக்கு அதன் தேன் உணவு.

வீட்டுப் பின்புறத் தோட்டத்திற்கும் இதே கணக்குத்தான். மிளகாய், கத்தரிச் செடிகளுக்கிடையே காய்ந்த லாலானை உள்ளங்கை உயரத்திற்குப் பரப்பலாம். ஆனால் அது வெண்பூ விடுமுன் அறுத்ததாக இருக்க வேண்டும், வேரடித் தண்டும் ஒட்டியிருக்கக் கூடாது. காலியாகக் கிடக்கும் மூலையில் சர்க்கரைவள்ளிக் கொடியை ஊன்றிவிடுங்கள். தரையும் மூடும், கிழங்கும் கிடைக்கும்.