முந்தானை பத்திரம்! வீட்டிலேயே ஏப்ரன் தைக்கலாம்

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. மேல் பலகையில் மிளகாய்த்தூள் டப்பா. எட்டி எடுக்கிறீர்கள். தோளில் கிடந்த முந்தானை நழுவுகிறது. எங்கே? எரிகிற அடுப்பின் மேல்!

சேலையில் தீப்பிடிப்பது இப்படியும்தான். நைலான், பாலியெஸ்டர் சேலை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

ஓட்டல் சமையல்காரர்கள் முன்னால் ஒரு துணி கட்டிக்கொள்வார்களே, அதுதான் ஏப்ரன். முந்தானையை இடுப்பில் செருகி, மேலே ஏப்ரனைக் கட்டிவிட்டால் நழுவாது. இதைத் தைக்க மெஷின் வேண்டாம். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும்.

துணி எது?

36 அங்குல அகலத்தில், கெட்டியான பருத்தித் துணி 1 மீட்டர். பழைய பருத்திப் படுக்கை விரிப்பு இருந்தால் காசே செலவில்லை. பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. புதுத் துணியை முதலில் நனைத்து உலர்த்துங்கள். பிறகு சுருங்கினால் உழைப்பு வீண்.

வெட்டுவது எப்படி?

32 அங்குல நீளம், 27 அங்குல அகலத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். அதை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மேல் ஓரத்தில், மடிப்பிலிருந்து 5 அங்குலம் தள்ளி ஒரு புள்ளி. பக்க ஓரத்தில், மேலிருந்து 10 அங்குலம் கீழே ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்துச் சாய்வாக வெட்டுங்கள். கடையில் விற்பது வளைவாக இருக்கும். புதிதாகத் தைப்பவர்களுக்கு அது வேண்டாம். வளைவை மடிப்பது கடினம், துணி கோணிக்கொள்ளும்.

மீதித் துணியில் 2 அங்குல அகலம், 30 அங்குல நீளத்தில் 3 பட்டை வெட்டுங்கள். இரண்டு இடுப்புக்கு. மூன்றாவதைச் சரிபாதியாக்கினால் கழுத்துக்கு.

தைப்போமா?

ஓரங்களை இரண்டு முறை மடித்து, நெருக்கமாகத் தையுங்கள். பட்டையின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, மறுபடி இரண்டாக மடித்துத் தைத்தால் நாடா தயார். நாடா சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போலவும் தையுங்கள். இழுத்தாலும் பிரியாது.

கழுத்து நாடாவை வளையமாகத் தைத்துவிடாதீர்கள்! தீப்பிடித்தால், எரியும் துணியை முகத்தின் வழியாகக் கழற்ற வேண்டிவரும். கழுத்திலும் இடுப்பிலும் உருவு முடிச்சுதான் போட வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும்.

பை வேண்டுமா? மிச்சத் துணியில் வைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியை மட்டும் அதில் போடாதீர்கள்.