நிறைமாதத்து உபாதைகள்

ஏழாம் மாதம் கடந்த ஒரு பெண், கால் வீங்குகிறது என்றோ இரவில் உறக்கமில்லை என்றோ வாய்திறந்து சொல்வாளாயின், வீட்டிலுள்ள பெரியவர்களிடமிருந்து அவளுக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: "பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் உள்ளதுதானே!" அந்த விடை அநேக வேளைகளிற் சரியானதே. ஆயினும் சில வேளைகளில் அதுவே தாயின் உயிருக்கும் சேயின் உயிருக்கும் ஊறு விளைப்பதும் உண்டு. எவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை, எவை பொறுத்திருக்கத் தகாதவை என்பதை இனிப் பார்ப்போம்.

கர்ப்பத்தின் 28ஆம் கிழமையிலிருந்து கருப்பை விரைந்து பெருக்கின்றது. மேலே இரைப்பையை நெருக்குகின்றது; கீழே சலப்பையை அழுத்துகின்றது. உடலில் ஓடும் இரத்தமோ வழக்கமான அளவிலும் ஏறக்குறைய அரைப்பங்கு கூடிவிடுகின்றது. இவற்றோடு, கர்ப்பத்தைக் காப்பதற்கெனச் சுரக்கும் ஓமோன்கள் உடலெங்குமுள்ள தசைகளைத் தளர்த்துகின்றன. நெஞ்செரிவு, மலச்சிக்கல், முதுகுநோ முதலிய உபாதைகள் பலவும் இக்காரணங்களிலிருந்தே பிறக்கின்றன.

நெஞ்செரிவை எடுத்துக்கொள்வோம். இரைப்பையின் வாயிலை இறுக மூடிவைக்கும் தசை தளர்ந்துவிடுவதனால், புளிப்பான நீர் மேலெழுந்து எரிவை உண்டாக்குகின்றது. வயிறு நிறைய ஒரே தடவையில் உண்பதை விட்டு, அதே உணவைச் சிறுகச் சிறுகப் பல தடவைகளில் உண்பது நன்று. இரவு உணவு படுக்கைக்குப் போவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்னரே முடிந்துவிட வேண்டும். கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்திக்கொண்டாலும் சுகம் தெரியும். எரிவுக்கு மருந்து கொடுக்கப்பட்டிருந்தால், அதனையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒன்றாக விழுங்கலாகாது. முன்னது பின்னது உடலிற் சேருவதைக் குறைத்துவிடும். தேநீரும் அவ்வாறே. தேநீர் இல்லாமற் பொழுது விடியாத நாடு நம்முடையது. அதனைக் கைவிடும்படி நான் சொல்லவில்லை. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையில் ஓரிரு மணி நேரமாவது செல்லட்டும் என்றே சொல்கிறேன். இம்மாத்திரையினால் மலம் கறுப்பதும் இறுகுவதும் உண்டு. அதற்காக அதனை நிறுத்திவிடாது, கீரை, பழவகை, போதிய தண்ணீர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளுதல் வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறதே என்று சிலரும், கால் வீக்கம் கூடிவிடுமோ என்று வேறு சிலரும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இது தவறு. குறைப்பதால் வீக்கம் வற்றுவதில்லை. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றுமே மிஞ்சும். பகலில் தாராளமாகக் குடித்து, படுக்கைக்குப் போகும் நேரத்தில் மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். சிறுநீர் கழிக்கையில் எரிவோ காய்ச்சலோ இருப்பின் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

மாலையில் இரு பாதங்களும் வீங்குவதும், காலை நீட்டி உயர்த்திவைத்தால் விடியுமுன் வற்றிவிடுவதும் இயல்பு. நடுநிசியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது, முழங்காலை நீட்டிப் பாதத்தின் விரல்களை முகத்தை நோக்கி மடக்கினால் பிடிப்பு விடும். ஆனால் முகமும் கைகளும் திடீரென வீங்குதல், தீராத தலையிடி, கண்முன் மின்னுவது போன்ற தோற்றம், வலப்பக்க விலாவின் கீழ் வலி ஆகியவை இரத்த அமுக்கம் ஏறியிருப்பதன் அடையாளங்களாகலாம். அந்த விலாவலியை நெஞ்செரிவென்று எண்ணி ஓமத்தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவோரும் உளர். அமுக்கம் 140க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே கவனிப்பு வேண்டும். மிகவும் ஏறினால் வலிப்பு வரும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி நோவெடுத்தால், இரத்தம் கட்டிப்பட்டிருக்கலாம், அதனைத் தேய்த்துவிடலாகாது.

வயிற்றுத் தோல் விரிவதனால் வரும் அரிப்புக்குத் தேங்காயெண்ணெய் போதும். தடிப்பு எதுவுமின்றி, உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் மிகுதியாக அரிக்குமாயின் ஈரலின் தொழிற்பாட்டைச் சோதிக்க வேண்டும். இது குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது.

உறங்கும்போது மல்லாந்து படுத்தால், கருப்பையின் பாரம் முதுகெலும்பை அடுத்துள்ள பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறையும். ஆகையாற் பக்கவாட்டிற் படுப்பதே 28ஆம் கிழமைக்குப் பின் உகந்தது. முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு நோவும் தணியும். இடையில் விழித்துப் பார்க்கையில் மல்லாந்து கிடப்பதைக் கண்டால் அஞ்ச வேண்டியதில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாற் போதும்.

இனி, யாவற்றிலும் முக்கியமானது குழந்தையின் துடிப்பு. நிறைமாதத்தில் இடம் போதாமையாற் பிள்ளை அசையாது என்று ஊரிற் சொல்வார்கள். அது பிழையான எண்ணம். அசைவின் தன்மை மாறலாம், அசைவு குறைதலாகாது. வழக்கத்திலும் குறைந்ததாக உணர்ந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்றிராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது முதல் வளர்ந்துவந்த ஏற்பாட்டின் பயனாக, இன்று மருத்துவ மாது வீடு தேடியே வருகின்றார். அவர் கேட்கும்போது, மாமியார் அருகில் நிற்கிறாரே என்று கூசி, "ஒன்றுமில்லை, சுகமாயிருக்கிறேன்" என்று சொல்லிவிடும் பெண்கள் பலர். மாமிமார் அந்த வேளையிற் சற்று அடுக்களைப் பக்கம் போய்வருவார்களாயின் பேருதவியாயிருக்கும்.

இரத்தம் போனாலோ, பன்னீர்க்குடம் உடைந்தாலோ, தவணைக்கு முன்னரே வலி ஒழுங்காக வந்து வந்து போனாலோ, விடியட்டும் என்று காத்திருத்தல் வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். அந்த இலக்கத்தையும் கிளினிக்கிற் கொடுத்த பதிவேட்டையும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் இன்றே வைத்துவிடுங்கள்.