கோடை முடிவில் கடலோரத்து வீடு



மே மாதத்தின் கடைசி வாரம் நெருங்கியதும் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒரு பரபரப்பு எழுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். கேரளத்துப் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறந்துவிடும். தென்மேற்குப் பருவமழையும் ஏறத்தாழ அவ்வேளையில்தான் மலையேறி வரும். மூணாறு, பீருமேட்டுத் தோட்டங்களிலும், கொழிஞ்சாம்பாறை, சித்தூர் முதலிய பாலக்காட்டு எல்லைப் பகுதிகளிலும் வாழும் நம்மவருள் இராமேசுவரத் தீவைச் சொந்த ஊராகக் கொண்டோருக்கு, எஞ்சியுள்ள அந்தச் சில நாட்களே ஆண்டு முழுமைக்குமான இளைப்பாறல்.

பயணம் முன்போல் கடினமன்று. மூணாற்றிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கினால் போடியில் இரயில் கிடைக்கும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அகலப் பாதை அங்கு வரை வந்துவிட்டது. பாலக்காடு வழியே செல்லும் அமிர்தா விரைவு வண்டி 2025 அக்டோபரில் இராமேசுவரம் வரை நீட்டிக்கப்பெற்றது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில்கள் நின்றன. புதிய தூக்குப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்டது. மலைக்குளிரில் வளர்ந்த நம் குழந்தைகள், இருபுறமும் நீர் விரிய வண்டி மெல்ல ஊர்வதைக் கண்டு வாயடைத்து நிற்பதே ஓர் இன்பம்.

தீவின் தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக்கு நீரிணை. முன்னதை ஆண்கடல் என்றும், பின்னதைப் பெண்கடல் என்றும் ஊரார் வழங்குவர். தென்மேற்குக் காற்று எழும் இந்நாட்களில் ஆண்கடல் சீறும். ஆழமில்லாத பெண்கடலோ குளம் போல் அடங்கிக் கிடக்கும். குழந்தைகளுக்கு ஏற்றது வடகரையே. காலையில் பதநீர், நடுப்பகலில் நுங்கு, காரல் மீன் குழம்பும் சோறும், பின்னர் திண்ணையில் ஓர் உறக்கம், மாலையில் தங்கச்சிமடத்து மல்லிகையின் மணம். இவற்றுக்கு மேல் வேறென்ன வேண்டும்?

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நமக்கு ஓய்வாக அமையும் அந்நாட்கள் நம் உறவினர்க்கு வருவாயற்ற நாட்கள். மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. அண்ணன்மார் கரையில் அமர்ந்து வலை பழுது பார்ப்பர். அண்ணிமார் கடன் கணக்கை மனத்துள் போடுவர். அந்நிலையிலும் விருந்தினர் இலையில் மீன் குறையாது. இதை உணர்ந்து, செல்வோர் அரிசியும் பருப்பும் தம் செலவில் வாங்கிவைப்பதே முறை. நாட்டுப்படகுக்காரர் கொண்டுவரும் மீனைப் பேரம் பேசாது வாங்குவதும் நன்றே.

ஒருநாள் குழந்தைகளைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்லுங்கள். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயல் அவ்வூரையும், அங்குச் சென்றுகொண்டிருந்த இரயிலையும் விழுங்கியது. இடிந்த தேவாலயச் சுவரும் இரயில் நிலையச் சுவரும் இன்றும் மணலில் நிற்கின்றன. மக்கள் வாழத் தகாத இடமென்று அரசு அறிவித்த பின்னும், சில மீனவக் குடும்பங்கள் குடிசையிட்டு, மணலில் ஊற்றுத் தோண்டி, அலைக்கருகிலேயே நன்னீர் அள்ளிக் குடித்து வாழ்ந்து வருகின்றன. பிறந்த மண்ணை விட மனம் வராதோர் அவர்கள்.

நம் வீடுகளுக்குப் புயலால் வந்த கேடு குறைவு. பூட்டினால் வரும் கேடே மிகுதி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் கதவு திறந்து, ஒட்டடை அடித்து, அடுப்பு மூட்டாத வீட்டை உப்புக்காற்று விரைவில் அரித்துவிடும். வீட்டை விற்றுவிடலாமா என்று எண்ணும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவே: முதலில் குழந்தைகளோடு ஒரு வாரம் அத்திண்ணையில் உறங்கி எழுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். மழை தொடங்கி மலை திரும்பும் நாளில், சாவியை அண்டை வீட்டு ஆச்சியிடம் கொடுத்து, "அடுத்த கோடைக்கு வருகிறோம்" என்று சொல்லி வர மறவாதீர்கள்.