தண்டமும் இழப்பீடும்: தனியார் வண்டி நிறுத்தகங்களின் வசூல் பற்றி

திருப்பெரும்புதூரினின்று ஒரகடம் வழியே சிங்கப்பெருமாள் கோவிலை அடையும் நெடுஞ்சாலை, ஒரு தலைமுறைக்கு முன்னர் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இடையே சென்ற பாதையாகும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலையும் இயங்கத் தொடங்கின. அவற்றைச் சூழ்ந்து உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. இரவென்றும் பகலென்றும் முறை மாறி உழைக்கும் இளைஞர் பலர், தம் இருசக்கர வண்டியைச் சாலையோரத் தனியார் நிறுத்தகத்தில் ஒப்படைத்துவிட்டு நிறுவனப் பேருந்தில் ஏறுகின்றனர்.

அத்தகைய தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். நாள் கட்டணம் 20 ரூபாய். மிகைநேரப் பணியால் அவர் மறுநாள்தான் வண்டியை எடுக்க வருகிறார். நிறுத்தகத்தார் ‘அபராதம் 500 ரூபாய்’ என்கின்றனர். அவர் மறுக்கவே, அவருடைய பெயரும் கைப்பேசி எண்ணும் வசூல் முகவர் ஒருவரிடம் சேர்கின்றன. சில வாரங்களில் ‘வட்டியும் செலவும்’ சேர்ந்து அத்தொகை 2,000 ரூபாயாக வளர்ந்து, அச்சிட்ட கடிதமாக வீட்டு வாயிலுக்கு வந்து நிற்கிறது. வீட்டிலுள்ள முதியோர், வழக்கு வருமோ, மானம் போகுமோ என்றஞ்சிப் பணத்தைக் கட்டிவிடச் சொல்வர். இந்த அச்சமே வசூலிப்போரின் முதல்.

அபராதம் என்னும் தண்டம், சட்டம் அளித்த அதிகாரத்தின்பேரில் அரசும் நீதிமன்றமும் விதிப்பது. தனியார் எவரும் அதனை விதித்தற்கில்லை. அவர் கோரக்கூடியது ஒப்பந்தத்தை மீறியதால் நேர்ந்த இழப்புக்கான ஈடு ஒன்றே. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது. மீறினால் இவ்வளவு தரவேண்டும் என ஒப்பந்தத்தில் தொகை குறித்திருப்பினும், நியாயமான இழப்பீடே கிடைக்கும். குறித்த தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே.

இப்பிரிவின் பொருளை உச்சநீதிமன்றம் 2015 சனவரியில் கைலாஷ் நாத் வழக்கில் தெளிவாக்கிற்று. தில்லி வளர்ச்சி ஆணையம் ஏலம்விட்ட மனைக்கு ஒரு நிறுவனம் 78 இலட்சம் ரூபாய் முன்பணம் கட்டியிருந்தது. ஆணையம் அதனைப் பறிமுதல் செய்து, மனையைப் பின்னர்ப் பன்மடங்கு கூடுதல் விலைக்கு விற்றது. இழப்பே நேராதபோது இழப்பீடு ஏது என்று கேட்டு, முன்பணத்தைத் திருப்பித் தரச் செய்தது நீதிமன்றம். இழப்பைக் கணக்கிட இயலாத இடங்களில் மட்டுமே, உண்மையான முன்மதிப்பீடாக அமைந்த தொகையை ஏற்கலாம் என்றும் கூறிற்று. இரவெல்லாம் பாதி இடம் வெறுமையாய்க் கிடந்த நிறுத்தகத்தில், ஒரு வண்டி கூடுதலாக நின்றதால் விளைந்த இழப்பு மற்றுமொரு நாள் கட்டணத்தைத் தாண்டுமா?

வெளிநாட்டில் உறவினர் உடையோர் இங்கிலாந்து நடைமுறையை எடுத்துக்காட்டக்கூடும். செம்சுஃபோர்டு நகரில் இரண்டு மணிநேரம் இலவசமான வளாகத்தில் 56 நிமிடம் மிகுதியாக நிறுத்திய பேரி பீவிஸ் என்பாரிடம் 85 பவுண்டு கேட்டது செல்லும் என, அந்நாட்டு உச்சநீதிமன்றம் அதே 2015இன் நவம்பரில் தீர்ப்பளித்தது உண்மையே. இடத்தை ஒழுங்குபடுத்துவதில் நியாயமான நலன் உண்டென்பது அதன் காரணம். நம் சட்டமோ 74ஆம் பிரிவின் வழி நடப்பது. அத்தீர்ப்பிலுங்கூட, பெரிய எழுத்தில் பல பலகைகள் வைத்து முன்னரே அறிவித்திருந்தமை கருதப்பட்டது. வண்டியை விடும்போது கண்ணிற்படாத நிபந்தனை எவரையும் கட்டுப்படுத்தாது.

வசூல், பாக்கி என்பன அரபியிலிருந்தும், ரசீது பாரசீகத்திலிருந்தும் நம் மொழிக்கு வந்த சொற்கள். மூன்றும் கணக்கைச் சார்ந்தவை. மிரட்டலுக்கு அவற்றுள் இடமில்லை. வாகனக் கடன் வழக்கொன்றில், அடியாட்களைக் கொண்டு கடன் மீட்பதை உச்சநீதிமன்றம் 2007இல் வன்மையாகக் கண்டித்தது. வங்கிகளின் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன் வசூலுக்காக அழைக்கலாகாதென ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் ஆணையிட்டது. முறைப்படி கடன் தந்த வங்கிக்கே இவ்வளவு கட்டுப்பாடென்றால், நிறுத்தகத்தின் முகவருக்கு வீடு தேடி வந்து அச்சுறுத்தும் உரிமை எங்கிருந்து வரும்? அச்சுறுத்தல் 2023ஆம் ஆண்டு பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

ஆயினும் உரிய கட்டணத்தை மறுப்பது முறையன்று. இரண்டாம் நாளுக்குரிய 20 ரூபாயைத் தந்து ரசீது பெறுக; வாங்க மறுப்பின், தர முன்வந்ததை எழுத்தில் பதிவு செய்க. நிபந்தனைப் பலகையையும் நுழைவுச் சீட்டையும் படமெடுத்து வைக்க வேண்டும். எந்த ஒப்பந்தம், என்ன இழப்பு, முகவருக்கு யார் அதிகாரம் அளித்தார் என்ற மூன்றையும் வினவி, ஒப்புகை கிடைக்கும் வண்ணம் விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் விடுத்தால் பெரும்பாலும் எதிர்த்தரப்பு மௌனமாகும் என்பது என் கருத்து.

அச்சத்தால் முன்னரே கட்டியவர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய் வரை இருப்பின் மனுக் கட்டணம் இல்லை. ஒப்பந்தமே முறையற்றதென அறிவிக்கக் கோருவோர் மாநில ஆணையத்தை நாடவேண்டும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்கலாம். முகவரின் கடிதம் எத்துணைக் கடுமையாய் இருப்பினும் அது வெறுங் கோரிக்கையே. நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் தாங்கிய அழைப்பாணை வந்தால் மட்டும், குறித்த நாளில் தவறாது சென்று விடையளிக்க வேண்டும். வராதவரைக் கேளாமலே தீர்ப்பு வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரமுண்டு.