ஹிட்லருக்காகத் துப்பாக்கி தூக்க மறுத்த விவசாயி... ஆயர் சொல்லியும் அசையாத விசுவாசம்!

1938-ம் ஆண்டு ஏப்ரல் 10. ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு ஹிட்லர் இணைத்துக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. 'இந்த இணைப்பு உங்களுக்குச் சம்மதமா?' என்று நாடு முழுவதும் வாக்கெடுப்பு. 'வேண்டாம்' என்று போட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். செயின்ட் ராடெகுண்ட் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் ஒரே ஒருவர் மட்டும் 'வேண்டாம்' என்று வாக்களித்தார். அவர் ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர், வயது 30. மாடு, வயல், வைக்கோல் என்று வாழ்ந்த ஒரு சம்சாரி.

பிறக்கும்போதே புனிதராகப் பிறந்தவரெல்லாம் இல்லை. திருமணம் ஆகாத ஒரு பண்ணைக் கூலிப் பெண்ணுக்கு 1907-ல் பிறந்தவர். தந்தை முதல் உலகப்போரில் இறந்துபோக, பிறகு தாயை மணந்தவர்தான் இவருக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தார். இளவட்டமாக இருந்தபோது ஊரிலேயே முதன்முதலில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர் ஃபிரான்ஸ். சண்டை சச்சரவுக்கும் பஞ்சமில்லை. திருமணத்துக்கு முன்பே அவருக்கு ஒரு பெண் குழந்தையும் இருந்தது.

1936-ல் ஃபிரான்சிஸ்காவைக் கைப்பிடித்தார். தேனிலவுக்கு இருவரும் போன இடம் ரோம். ஃபிரான்சிஸ்கா ஆழ்ந்த பக்தி உள்ளவர். திருமணத்துக்குப் பிறகு ஃபிரான்ஸுக்கும் பைபிள் வாசிப்பும் ஜெபமும் அன்றாட வேலைகளாகின. அடுத்தடுத்து மூன்று பெண் குழந்தைகள். 1941-லிருந்து உள்ளூர்க் கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது, திருப்பலிக்குத் தயார் செய்வது என்று கோயில் பணியும் சேர்ந்துகொண்டது.

அந்த வாக்கெடுப்புக்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1938 ஜனவரியில், ஃபிரான்ஸ் ஒரு கனவு கண்டார். மலையைச் சுற்றி அழகான ரயில் ஒன்று வருகிறது. குழந்தைகள் எல்லோரும் அதில் ஏற ஓடுகிறார்கள். தடுத்தாலும் நிற்கவில்லை. 'இந்த ரயில் நரகத்துக்குப் போகிறது' என்று ஒரு குரல் கேட்கிறது. அந்த ரயில் நாஜி கட்சிதான் என்று ஃபிரான்ஸ் புரிந்துகொண்டார். கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், ஃபிரான்ஸ் கனவோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். நோட்டுப் புத்தகங்களில் தனக்குத்தானே கேள்வி கேட்டு எழுத ஆரம்பித்தார். ஒரே ஆள் கிறிஸ்தவனாகவும் நாஜியாகவும் இருக்க முடியுமா? அடுத்தவன் நாட்டைப் பிடிக்கும் போரில் செத்தால் அது எப்படித் தியாகமாகும்?

1940-ல் அவரை ராணுவத்துக்கு அழைத்தார்கள். போனார், பயிற்சியும் எடுத்தார். விவசாயத்துக்கு ஆள் தேவை என்று ஊர்த் தலைவர் பேசி அவரைத் திருப்பிக் கூட்டிவந்தார். மனநலம் பாதிக்கப்பட்டவர்களை அரசே கொல்வதை ராணுவத்தில் இருந்த காலத்தில்தான் ஃபிரான்ஸ் அறிந்துகொண்டார். இனி அழைத்தால் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. கடவுளை நம்புகிறவர் வழி தெரியாமல் தவிக்கும்போது யாரிடம் போவார்? சபைப் பெரியவர்களிடம்தானே! ஃபிரான்ஸும் போனார். லின்ஸ் நகருக்குப் போய் ஆயர் யோசப் ஃப்ளீசரைச் சந்தித்துத் தன் கேள்விகளை முன்வைத்தார். குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான் உன் கடமை, அரசாங்கம் செய்வதற்கு நீ பொறுப்பில்லை என்ற பாணியிலேயே ஆயரின் பதில் இருந்தது. சோர்ந்துபோய் வெளியே வந்தார் ஃபிரான்ஸ். தன்னை உளவாளி என்று ஆயர் பயந்திருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னாராம். ஆயர்மீது அவருக்குக் கோபம் இல்லை.

ஊர்ப் பங்குத்தந்தையாக இருந்த யோசப் கரோபாத்தும் சாதாரண ஆள் இல்லை, பிரசங்கத்துக்காகவே நாஜிகளால் சிறைக்குப் போனவர். அவரே, ஃபிரான்ஸ் உயிரோடு இருக்கட்டும் என்று மனதை மாற்றப் பார்த்தார். ஆனால், ஒவ்வொரு முறையும் வேத வசனத்தைக் காட்டி ஃபிரான்ஸ் தன்னை மடக்கிவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். பெற்ற தாயும் கெஞ்சினார். ஃபிரான்சிஸ்காவும் முதலில் தடுத்துத்தான் பார்த்தார். அவர் மனம் மாறாது என்று தெரிந்த பிறகு பக்கத்தில் நின்றார். தானும் எதிர்த்தால் அவருக்கு யாருமே இருக்க மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

1943 பிப்ரவரியில் மீண்டும் உத்தரவு வந்தது. மார்ச் 1-ம் தேதி முகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று நேரடியாகச் சொன்னார். உடனே கைது. முதலில் லின்ஸ் சிறை, மே மாதம் பெர்லினின் டேகல் சிறை. காயம்பட்டவர்களைக் கவனிக்கும் மருத்துவப் பிரிவில் வேண்டுமானால் வேலை செய்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார். பிடிவாதத்துக்காக மறுத்தவர் இல்லை என்பதற்கு இந்தக் கோரிக்கையே சாட்சி. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜூலை 6-ம் தேதி, ராணுவத்தின் போர்த் திறனைக் குலைத்த குற்றத்துக்காக மரண தண்டனை விதித்தது.

ஒரு வாரத்தில் ஃபிரான்சிஸ்கா ஊர்ப் பாதிரியாரோடு பெர்லினுக்கு ரயில் ஏறினார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

ஃபிரான்ஸுக்குப் பெரிய ஆறுதலைத் தந்தது சிறைக்கு வந்த ஒரு குருவானவர் சொன்ன செய்தி. ஃபிரான்ஸ் ரெய்னிஷ் என்ற ஆஸ்திரியக் குருவும் இதே காரணத்துக்காக ஓராண்டுக்கு முன்பு கொல்லப்பட்டிருக்கிறார் என்றார் அவர். ஊர், உறவு, ஆயர் எல்லோரும் 'நீ செய்வது தப்பு' என்று சொன்ன ஒருவருக்கு, இதே வழியில் ஒரு குருவும் நடந்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

1943 ஆகஸ்ட் 9-ம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் அவருடைய தலை துண்டிக்கப்பட்டது. வயது 36.

போர் முடிந்தும் ஃபிரான்சிஸ்காவுக்கு விடிவு வரவில்லை. போரில் மகனையும் கணவனையும் பறிகொடுத்த ஊர்க்காரர்கள், ஃபிரான்ஸின் முடிவுக்கு இவருடைய பக்திதான் காரணம் என்று பழி போட்டார்கள். போர் விதவைகளுக்குக் கிடைத்த பென்ஷன் 1950 வரை இவருக்குக் கிடைக்கவில்லை. பண்ணையையும் பிள்ளைகளையும் தனியாகத்தான் பார்த்துக்கொண்டார். கணவர் பார்த்த கோயில் பணியையும் எடுத்துச் செய்தார். 1946-ல் ஃபிரான்ஸைப் பற்றி ஒரு கட்டுரையை வெளியிட மறைமாவட்டப் பத்திரிகைக்கு அதே ஆயர் அனுமதி தரவில்லை.

1964-ல் கார்டன் ஜான் என்ற அமெரிக்க சமூகவியலாளர் எழுதிய புத்தகத்தால்தான் உலகத்துக்கு இந்த விவசாயியைத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இவரை முன்மாதிரியாகக் காட்டி, மனசாட்சிப்படி போரை மறுப்பவர்களின் உரிமைக்காக வாதாடியவர் தாமஸ் ராபர்ட்ஸ். நம் பம்பாயின் முன்னாள் பேராயர்!

ஃபிரான்ஸ்மீதான தீர்ப்பை 1997-ல் பெர்லின் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019-ல் டெரன்ஸ் மாலிக் இவரது கதையை 'எ ஹிடன் லைஃப்' என்று படமாக எடுத்தார்.

அதற்கு முன்பே, 2007 அக்டோபர் 26 அன்று ஃபிரான்ஸ் அருளாளராக அறிவிக்கப்பட்டார். விழா நடந்தது லின்ஸ் பேராலயத்தில். எந்த ஊரில் ஆயரைப் பார்த்துவிட்டுச் சோர்ந்து திரும்பினாரோ, அதே ஊர். 94 வயது ஃபிரான்சிஸ்கா அந்த விழாவில் இருந்தார். 2013 மார்ச்சில், 100 வயதைத் தொட்ட சில நாள்களில் அவர் காலமானார்.