பட்டாம்பூச்சி கடிக்குமா?

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்க்கிறது. ஐந்தருவிக்கு நடந்து வந்த ஒரு குடும்பம் வியர்வையோடு மர நிழலில் உட்காருகிறது. குழந்தையின் கையில் ஒரு பட்டாம்பூச்சி வந்து அமர்கிறது.

"ஐயோ, கடிக்குதம்மா!" என்று குழந்தை அலறுகிறது. அம்மா துண்டை எடுத்து ஓங்கி அடிக்கிறாள். பூச்சி செத்து விழுகிறது.

பாவம்! அது கடிக்கவில்லை. கடிக்க அதனால் முடியாது.

பல் கிடையாது

பட்டாம்பூச்சிக்குப் பல் இல்லை. கொடுக்கும் இல்லை. வாய் இருக்கும் இடத்தில் மெல்லிய குழாய் ஒன்று, கடிகார வில்லைப் போலச் சுருண்டு கிடக்கும். பூவைக் கண்டால் அதை நீட்டித் தேனை உறிஞ்சும். நம் தோலைத் துளைக்க அந்தக் குழாய்க்குப் பலம் போதாது.

தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சி என்று 2019-ம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதன் பெயர் "தமிழ் மறவன்". பெயர்தான் மறவன். அதுவும் கடிக்காது!

பிறகு ஏன் கையில் உட்கார்ந்தது? உப்புக்காக! அருவிக் கரையில் ஈர மண்ணில் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை மண்ணில் உள்ள உப்பை உறிஞ்சுகின்றன. நம் வியர்வையிலும் உப்பு உண்டு. குழாய் நுனி பட்டால் லேசாகக் கூசும். அவ்வளவுதான்.

தென்கிழக்கு ஆசியக் காடுகளில் ரத்தம் குடிக்கும் பூச்சி ஒன்று உண்டு. ஆனால், அது பட்டாம்பூச்சி அல்ல. ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சி.

பயப்பட வேண்டியது எதற்கு?

கம்பளிப்பூச்சிக்கு! மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டி இருக்குமே, அதுதான். அது வளர்ந்து அந்துப்பூச்சி ஆகும். அதன் முடி தோலில் குத்தி ஒடியும். உடனே அரிப்பு, அப்புறம் தடிப்பு.

கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்காதீர்கள். கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துத் தேய்ப்பது நம் வழக்கம். தேய்த்தால் முடி இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் பிளாஸ்திரியை அந்த இடத்தில் ஒட்டி உரித்து எடுங்கள். முடி அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் பச்சைப் புழுவை நசுக்கிவிடாதீர்கள். அதற்கு முடி இல்லை. தொட்டால் தலையில் இருந்து சிவப்புக் கொம்பை நீட்டி, நாற்றம் வீசிப் பயமுறுத்தும். அதற்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான். சில வாரங்களில் அது கறுப்புப் பட்டாம்பூச்சியாகி உங்கள் வீட்டுத் தோட்டத்தில் பறக்கும்.