பொன்னாடை உலையில் வேகுமா?

“மாப்பிள்ளைக்கு என்ன வேலை?”

“கவிஞர். பாட்டெழுதுகிறார்.”

“அது இருக்கட்டும் அய்யா, சோற்றுக்கு என்ன வேலை?”

பெண்ணைப் பெற்றவர் இப்படிக் கேட்டதிலே குற்றமில்லை, தோழர்களே! எதுகையையும் மோனையையும் அள்ளி உலையில் போட்டால் கஞ்சி ஆகாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதே பெரியவர், அந்தக் கவிஞன் பகலிலே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தி, மாலையிலே நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, இரவிலே நாடகக்காரனுக்கு உரையாடல் எழுதிக் கொடுத்து நாலு காசு பார்க்கும்போது, “பாட்டை விட்டான், பணத்தைப் பிடித்தான்” என்று உதட்டைப் பிதுக்குகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு தொழிலோடு நின்றால் பிழைக்கத் தெரியாதவன்! நாலு தொழில் செய்தால் விலைபோனவன்! பிறகு அவன் எப்படித்தான் வாழ்வது?

தச்சன் கூலி கேட்கிறான், கொடுக்கிறோம். கொத்தன் கேட்கிறான், கொஞ்சம் பேரம் பேசிவிட்டுக் கொடுக்கிறோம். பாடுகிறவன் கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். கலை என்பது வரமாம். வரத்துக்கு விலை கேட்கலாமா என்கிறார்கள். வரம் வந்த வீட்டுக்கு வாடகை கிடையாதா? வரம் பெற்றவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலே கட்டணம் கேட்கமாட்டார்களா?

புதுவையிலே கனக சுப்புரத்தினம் என்றொரு தமிழாசிரியர். 1909-இல் பள்ளியிலே வேலைக்குச் சேர்ந்தார். 1946-இல் ஓய்வு பெற்றார். முப்பத்தேழு ஆண்டுகள், கையிலே சுண்ணக்கட்டி, எதிரிலே கரும்பலகை! அவரைத்தான் நாம் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் என்று போற்றுகிறோம். அவர் பாட்டை மேடைதோறும் முழங்குகிற நம்மில் எத்தனை பேர், அந்தப் பாட்டுக்குச் சோறு போட்டது எது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

வாத்தியார் சம்பளம்தான் முதல் அடுப்பு. அது அணையாமல் எரிந்தது. அதனால் எந்த மடத்து வாசலிலும் அவர் கைகட்டி நிற்கவில்லை, எந்தச் சீமானுக்கும் பிறந்தநாள் வாழ்த்துப்பா கட்டி அரிசி வாங்கவில்லை. இரண்டாவது அடுப்பு, திரைப்படம். 1938-இல் வந்த ‘இராமானுஜர்’ படத்துக்குப் பாட்டெழுதினார். (பகுத்தறிவுக் கவிஞர் இராமானுஜருக்கா எழுதுவது என்று புருவத்தை உயர்த்துவோர் இன்றும் உண்டு. அவர்கள் வீட்டு மளிகைக் கணக்கை யார் தீர்க்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்!) 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘பொன்முடி’ அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியம்தான். நூலாக விற்ற அதே சரக்கு படமாகவும் ஓடியது! ஒரே நெல்லைச் சோறாகவும் பொங்கலாம், அவலாகவும் இடிக்கலாம். அதிலே நெல்லுக்கு என்ன இழிவு? 1952-இல் ‘வளையாபதி’க்கு உரையாடல். இடையிலே நூல்கள் விற்ற காசு. அப்புறம் ‘குயில்’ ஏடு. இதை வருவாயில் எழுதுவதா, செலவில் எழுதுவதா என்று எனக்கே அய்யம்தான். பத்திரிகை நடத்தியவன் எவனைக் கேட்டாலும் பெருமூச்சுதான் பதிலாக வரும். ஆனால் தம் பாட்டை அச்சிட இன்னொருவர் தயவு வேண்டாம் என்கிற உரிமையை அந்தச் செலவுதானே வாங்கித் தந்தது!

அவர் ஓய்வு பெற்ற அதே 1946-இல், சென்னைப் பச்சையப்பன் கல்லூரித் திடலிலே, நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமையிலே, அண்ணா முன்னின்று திரட்டிய 25,000 ரூபாய் நிதியைக் கவிஞருக்கு அளித்தார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள். நிதியோடு பொன்னாடை, தோழர்களே! வெறும் பொன்னாடை அல்ல! இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

கடைசிக் காலத்தில் கவிஞர் சென்னைக்கு வந்து, ‘பாண்டியன் பரிசு’ காவியத்தைத் தாமே படமாக்க முனைந்தார். படம் முடியவில்லை. 1964 ஏப்ரல் 21-இல் கவிஞர் முடிந்துபோனார். ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு வந்தது, 1969-ஆம் ஆண்டுக்கானது! வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத வேளை பார்த்து வந்தது. நாலு அடுப்பிலே சிறு தீயாக எரிந்ததுவரை சமாளித்த குடும்பம், ஒரே அடுப்பிலே எல்லா விறகையும் திணித்தபோதுதான் திணறியது என்பது என் கணிப்பு.

பல கூலி வாங்குவது பேராசை என்பாருக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவரைக் காட்டுகிறேன். ஆலந்து நாட்டு ஸ்பினோசா. 1656-இல் மதத்தார் அவரை விலக்கி வைத்தார்கள். அவர் கண்ணாடி வில்லை தேய்த்துக்கொண்டே தத்துவம் எழுதினார். 1673-இல் செருமானிய நாட்டு ஐடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியை நீட்டியது. வேண்டாம் என்றார்! நாற்காலியிலே உட்கார்ந்தால் நாக்குக்குப் பூட்டு வருமோ என்கிற அச்சம். தேய்க்கும் கல் அவரிடம் எந்தக் கட்டுப்பாடும் கேட்கவில்லை. ஒரே முதலாளியிடம் முழுக்கூலி வாங்குகிறவன் அந்த முதலாளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேனாவைத் திறக்க வேண்டும்; நாலு இடத்தில் கால்கூலி வாங்குகிறவன் ஒருவரையாவது முறைத்துப் பார்க்கலாம்!

நம் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உழவர், மாடு மேய்த்தவர், மாம்பழம் விற்றவர், உப்பளத்திலே உழைத்தவர், தண்ணீர் வண்டி ஓட்டியவர், நாடகத்திலே நடித்தவர் என்று அவர் பார்த்த தொழில்களைப் பதினேழு என்று எண்ணிச் சொல்வார்கள். அந்தப் பதினேழும் அவர் பாட்டிலே வியர்வையாகக் கசிகிறது. அதனாலேதான் ஆலைத் தொழிலாளி அதைத் தன் பாட்டு என்று நினைக்கிறான். 1959-இல் இறந்தபோது அவருக்கு வயது 29. பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன. ஆனால் திரையுலக வழக்கம் என்ன? பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு முறை கூலி. அதோடு கணக்கு முடிந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றமும், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், படத்துக்காகக் கூலிக்கு எழுதிய பாட்டுக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று சொல்லிவிட்டது.

பாரதியார் பாட்டுக்கு நேர்ந்ததும் தெரிந்ததுதானே! பாடியவர் 1921-இல் போய்விட்டார். இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஒரு வணிகரின் கைக்குப் போய், அங்கிருந்து ஏவி.எம். மெய்யப்பரின் கைக்கு வந்தது. அவர் அதை விட்டுக்கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1949-இல் சென்னை அரசு பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கியது, பின்னர் பொதுவாக்கியது.

இந்த வழக்கத்தை 2012-இல் வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் கொஞ்சம் உடைத்திருக்கிறது. திரையரங்கில் படம் ஓடும்போது ஒலிப்பது போக, வானொலியிலோ தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ எங்கே ஒலித்தாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சரிபங்கு உண்டு. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர, வேறு யாருக்கும் அந்தப் பங்கை எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. பசித்த வேளையிலே நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவான் என்று தெரிந்து எழுதிய சட்டம் அது! புதிதாக எழுத வரும் தம்பிகள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் பேனாவைத் திறக்க வேண்டாம்.

சட்டத்தின் கண்ணிலே படாத கலைஞர்களும் இருக்கிறார்கள். திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் வட்டாரத்திலே தெருக்கூத்து ஆடுகிறவர்கள். பங்குனியில் தொடங்கும் பாரதக் கூத்து, பத்து இரவு, பதினெட்டு இரவு என்று ஊர் ஊராக ஓடும். ஆடி தாண்டினால் ஓயும். இரவெல்லாம் துரியோதனனாகக் கிரீடம் சுமந்தவன், மிச்ச மாதங்களில் தறியிலே குந்துகிறான், கழனியிலே குனிகிறான், சூளையிலே கல் சுமக்கிறான். அவனுக்குப் பல வருவாய் என்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. உயிர் பிழைக்கும் வழி. 2020-இல் பெருந்தொற்று வந்து மார்ச்சு இறுதியிலே ஊரடங்கு விழுந்தபோது, கூத்தும் நின்றது, கூலிவேலையும் நின்றது. மறு ஆண்டும் அதே கோடையிலே மீண்டும் அடி! ஓர் அடுப்பு அணைந்தால் இன்னோர் அடுப்பு என்றிருந்தவனுக்கு எல்லாம் ஒரே நாளில் அணைந்தன. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007-இலேயே அமைக்கப்பட்டதுதான். உறுப்பினர் அட்டை இல்லாத கலைஞன் நம் ஊரிலே இருந்தால், விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பதும் கிளைத் தோழர்களின் வேலையாகட்டுமே!

இனிப் பொன்னாடைக்கு வருகிறேன். நம் கூட்டங்களின் கணக்குச் சீட்டைப் பாருங்கள். பந்தல், ஒலிபெருக்கி, மின்விளக்கு, சுவரொட்டி, பேச்சாளரின் வண்டிச் செலவு. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு உண்டு. கூட்டம் சேருமட்டும் தொண்டை கிழியப் பாடி, சேர்ந்த கூட்டத்தைக் கலையாமல் உட்கார வைத்த பாட்டுக்குழுவுக்கு? “அவர் நம்மவர், எதிர்பார்க்கமாட்டார்” என்று ஒரு துண்டு! பறையடித்த நாலு பேருக்கு ஆளுக்கொரு துண்டு! ஒலிபெருக்கிக்காரரும் நம்மவர்தான், அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், கம்பியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்குத் தெரிந்த பாடகர் ஒருவர் வீட்டிலே பெட்டி நிறையப் பொன்னாடைகள். துணைவியார் அவற்றை மழைக்காலத்திலே சன்னலுக்குத் திரையாகக் கட்டியிருக்கிறார். பாடகரோ காலையிலே பால் ஊற்றிவிட்டு, பகலிலே விளம்பரப் பலகைக்கு எழுத்து எழுதிவிட்டு, மாலையிலே நம் மேடைக்கு வருகிறார்.

அடுத்த கூட்டத்துக்கு வசூல் நோட்டு அச்சிடும்போது, ஒலிபெருக்கிக்கு மேலே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பாட்டுக்குழு, பறைக்குழு. எதிரிலே தொகை. பாதியை முன்பணமாக, நோட்டீசு அடிக்கும் அன்றைக்கே கொடுக்கலாம். துண்டு வேண்டுமானால் அதற்கு மேல்.